காப்பிக்கு விலை, படத்துக்கு இல்லை

மண்டபம் ஊரில் எங்கள் ஸ்டூடியோவில் படத்துக்கு விலை கேட்டவர் கிடையாது. காப்பிக்குத்தான் விலை. "மூணு காப்பி என்னண்ணே?" என்று பேச்சு ஆரம்பிக்கும். "போஸ்ட்கார்டு சைஸா, கேபினட் சைஸா?" என்று அப்பா கேட்பார். அத்தோடு சரி. அந்தப் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டினாலும், திருவிழா நோட்டீஸில் அச்சடித்தாலும், தபாலில் சிலோனுக்கு அனுப்பி ஒரு சீசன் முழுக்கக் கச்சேரி பிடித்தாலும் அவருக்கு ஒரே கணக்கு.

இந்தக் கணக்கு எங்கள் கடையில் மட்டும் ஓடியதல்ல. தமிழ்நாட்டில் சிறு ஊர் ஸ்டூடியோக்கள் எல்லாமே இப்படித்தான் நடந்தன. ஆனால் கேமராவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேளக்காரர் தன் வித்தைக்கு அப்படி விலை வைக்கவில்லை. இடம் பார்த்து, காலம் பார்த்து, கூப்பிடுகிற ஆளைப் பார்த்து விலை சொன்னார். ஒரே அறையில் இரண்டு தொழில். ஒன்றுக்கு விலை வைக்கத் தெரிந்திருந்தது. இன்னொன்றுக்கு அதைக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது.

மேளக்காரர் மண்டபத்துக்கு எதற்கு வந்தார்? கப்பலுக்கு வந்தார். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு, சென்னையிலிருந்து கிளம்பும் போட் மெயில் மண்டபம் தாண்டி தனுஷ்கோடிக் கரைவரை போனது. அங்கே ஸ்டீமர் ஏறினால் மறுகரை தலைமன்னார். அதற்கு முன்பு கொழும்புக்குத் தூத்துக்குடி வழிதான். சிலோன் போகிறவர்களுக்கு மருத்துவச் சோதனை மண்டபத்தில் நடந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிச் சனங்களை மண்டபம் கேம்பில் நிறுத்திவைத்துத்தான் அனுப்பினார்கள். அதே ரயிலில்தான் தஞ்சாவூர்ப் பக்கத்து நாயன செட்டுகளும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய்வந்தன. நல்லூர், மாவிட்டபுரம் என்று அந்தப் பெயர்களை நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே கடைத் திண்ணையில் கேட்டிருக்கிறேன்.

அப்பா ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து தொழில் படித்தவர். 1964 டிசம்பர்ப் புயலுக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்தில் தனிக்கடை போட்டார். புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ரயில் திரும்ப ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழர்கள் பிற்பாடு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, மண்டபம் கேம்பில் தங்கிப் பிரிந்து போனார்கள். கடையின் அடுப்பு எரிந்தது அவர்களுடைய பாஸ்போர்ட் சைஸ் படத்தில். கௌரவம் வந்தது மேளக்காரர் படத்தில்.

அந்தப் படம் வெறும் நினைவுப் படம் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் உபயகாரர் இங்குள்ள செட்டை நேரில் பார்த்திருக்க மாட்டார். கடிதம் போகும், கடிதத்தோடு குரூப் போட்டோ போகும். பிடித்திருந்தால் அச்சாரம் வரும். அதே படத்தை அங்குள்ள அச்சகத்தில் பிளாக் எடுத்து நோட்டீஸ் அடிப்பார்கள். ஆக, ஐந்து பேருக்கு ஒரு சீசன் சோறு போட்ட விளம்பரப் படம் அது. அதற்கு எங்கள் கடையில் போட்ட பில், போஸ்ட்கார்டு சைஸ் மூன்று காப்பிக்கு உள்ள பில்.

படம் எடுப்பது லேசான வேலை அல்ல. முதலில் உட்காருகிற வரிசை. நடுவில் பெரிய நாயனம், அவருக்கு வலப்பக்கம் ரெண்டாம் நாயனம், இடப்பக்கம் தவில். ஒத்து ஊதுகிறவரும் தாளக்காரரும் பின்னால் நிற்பார்கள். தவில்காரர் பேர் எடுத்தவராக இருந்துவிட்டால் நடு நாற்காலிக்கு மனத்தாங்கல் வரும். அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: நடுவில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. தவில்காரர் விரலில் கூடு மாட்டித்தான் உட்காருவார். கூடு இல்லாமல் எடுத்தால் யாரோ தவிலைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டது மாதிரி இருக்கும் என்பார்கள். சட்டை போடாத மார்பில் மெடல் குத்த இடம் இல்லாததால் சிலர் சரிகை அங்கவஸ்திரத்தில் குத்திக்கொண்டு வருவார்கள். மேல்துண்டு நழுவும், திரும்பவும் எடுக்க வேண்டும்.

பெரிய தொல்லை அனசு. நாயனத்தின் அடியில் விரிந்திருக்கும் அந்த வாய்க்கு வெள்ளித் தகடோ தங்க முலாமோ போட்டிருந்தால், விளக்கு வெளிச்சம் பட்டு நெகட்டிவில் ஒரு கறுப்புத் திட்டு விழும். பிரிண்ட் போட்டால் அந்த இடம் வெள்ளையாக வெளிறிப்போகும். அப்பா முகப்பவுடர் டப்பாவை எடுத்து, பஞ்சில் தொட்டு, அனசின் மேல் மெல்லிசாக ஒற்றுவார். பளபளப்பு அடங்கி, வேலைப்பாடு தெரியும். வாத்தியத்தில் கைவைக்க எல்லோரும் விடமாட்டார்கள். "பவுடரை எங்கிட்டக் குடுங்கண்ணே, நானே பூசிக்கிறேன்" என்று வாங்கி, அனசுக்குப் பூசிவிட்டு மிச்சத்தை முகத்துக்குப் பூசிக்கொண்டவர் உண்டு.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. படத்தில் கேட்ட நாயனம் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. கண்ணில் நின்றது சிவாஜி வாத்தியத்தைப் பிடித்த விதம். அதன்பிறகு வந்த இளவட்டங்களுக்கு மடியில் வாத்தியத்தைக் கிடத்திக்கொண்டு நேராகப் பார்க்கிற பழைய போஸ் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பாதி மூடி, சீவாளியை உதட்டில் வைத்த மாதிரி வேண்டும் என்றார்கள். ஊதாமலே கன்னம் உப்ப வேண்டும். அதற்கே ஏழெட்டு பிலிம் போகும். 120 ரோலில் பன்னிரண்டு படம்தான். ஊட்டி இந்து பிலிமோ, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோவோ, எதுவானாலும் காசு. வீணாய்ப் போன பிலிமுக்கும் தனி பில் இல்லை.

சரி, கடைக்கு லாபம் எங்கிருந்து வந்தது? நெகட்டிவிலிருந்து. எங்கள் கவரில் இப்படி அச்சடித்திருக்கும்: "நெகட்டிவ்கள் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. பிரதிகள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்." அநேகமாக எல்லா ஸ்டூடியோ கவரிலும் இந்த மாதிரி ஒரு வரி உண்டு. படிக்கிறவருக்கு அது சேவை. எங்களுக்கு அது பிடி. காப்பியின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பு, அதற்குக் கீழே பென்சிலில் நெகட்டிவ் நம்பர். அடுத்த வருஷம் சிலோனுக்கு அனுப்ப நான்கு காப்பி வேண்டுமானால் அந்த நம்பரோடு இங்கேதான் வர வேண்டும். உரிமம் என்ற சொல் யார் வாயிலும் வந்ததில்லை. ஆனால் தகரப் பெட்டியில் உப்புக் காற்றுக்குப் பயந்து அப்பா அடுக்கிவைத்திருந்த பட்டர் பேப்பர் உறைகள்தாம் எங்கள் உரிமப் பத்திரம்.

அடுத்த பிடி அச்சகத்தின் கையில் இருந்தது. படத்தை அப்படியே அச்சடிக்க முடியாது. துத்தநாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக ஆஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும். நாளிதழ்த் தாளுக்கு அங்குலத்துக்கு 65 கோடு, வழுவழுத் தாளுக்கு 100-க்கு மேல். பிளாக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. எங்கள் பக்கத்து ஆட்கள் மதுரைக்குப் போய்ப் பிளாக் எடுப்பார்கள். பிளாக் பெரும்பாலும் அச்சகத்திலேயே தங்கிவிடும். அடுத்த திருவிழாவுக்கு வேறொரு கமிட்டி நோட்டீஸ் அடிக்க வந்தால், "நாயன செட்டு பிளாக் இருக்கு, போட்டுக்கலாமா?" என்பார் கம்பாசிட்டர். வராத செட்டின் படம் வந்த செட்டின் பெயருக்கு மேலே ஏறியதும் உண்டு. தகடு இருந்தவரைக்கும் படம் உழைத்தது. எடுத்தவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசும் வரவில்லை.

சட்டம் இதில் என்ன சொன்னது? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே வயதாக வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் 1911 சட்டத்தைத் தழுவி இங்கே வந்தது 1914-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி, நெகட்டிவ் உருவான நேரத்தில் அது யாருடையதோ அவரே படத்தின் ஆசிரியர். 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, படம் எடுத்தவரே ஆசிரியர் என்றது. ஆனால் இரண்டு சட்டத்திலும் ஒரு முடிச்சு அப்படியே இருந்தது: ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. இன்றைக்கும் 17-ஆம் பிரிவில் அது இருக்கிறது.

இதை எங்கள் கடைக்குள் கொண்டுவந்து பாருங்கள். மேளக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம், எழுதிக்கொள்ளாதவரைக்கும், மேளக்காரருடையது. நெகட்டிவ் என்ற பொருள் எங்கள் பெட்டியில். உரிமை அவரிடம், சாவி எங்களிடம். அவருக்கு உரிமை இருப்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கு இல்லை என்பது எங்களுக்கும் தெரியாது. தெரியாததால் சண்டையும் இல்லை. சட்டம் ஒரு பக்கம் கிடக்க, வியாபாரம் நெகட்டிவை நம்பி நடந்தது.

இப்போது மேளக்காரரின் கணக்குக்கு வருவோம். கல்யாணத்துக்கு ஒரு ரேட். அதிலும் மாப்பிள்ளை அழைப்பு தனி, முகூர்த்தம் தனி. கோயில் புறப்பாட்டுக்குக் குறைச்சல், சிலசமயம் வெற்றிலை பாக்கும் வேட்டியும் மட்டும். தை, வைகாசி முகூர்த்த மாதங்களில் ஏறும், ஆடியில் இறங்கும். கடல் தாண்டினால் போக்குவரத்து, சாப்பாடு, சீசன் முழுக்க வேறெங்கும் ஒத்துக்கொள்ள முடியாத நஷ்டம், எல்லாம் சேரும். தோடி அதே தோடிதான்; எங்கே, யாருக்காக, எத்தனை நேரம் என்பதற்குத்தான் விலை. போட்டோ வியாபாரத்தில் உலகம் முழுக்க இன்றைக்கு உரிமம் கொடுக்கிறவர்கள் கேட்பதும் இதே மாதிரி நாலு கேள்வி: எதற்கு, எந்த ஊரில், எவ்வளவு காலம், உங்களுக்கு மட்டுமா?

இந்த விலைநுட்பத்தில் ராஜா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த நாயன வித்வான். கிராப்பு, கோட்டு, ஷூ என்று அவர் வந்து நின்ற கோலமே, மேளக்காரன் வாசலோடு சரி என்று நினைத்தவர்களுக்குப் பதில். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். தன் உருவத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்த எத்தனையோ பேர், "ராஜரத்தினம் பிள்ளை போஸ்" என்றே கேட்டு வாங்கினார்கள்.

குரலுக்கு விலை உண்டு, முகத்துக்குக் கிடையாது என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், ஒரு பதிவு அமர்வுக்கு 3,000 ரூபாய் கேட்டவர் என்று சொல்வார்கள். அவர் படம் ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டி மேல் ஒட்டி வந்தது. எதிர்த்திசையிலும் ஓர் ஆள் உண்டு. அமெரிக்காவில் 1930-களின் கடைசியிலும் 40-களிலும் ஜாஸ் கலைஞர்களைப் படம் எடுத்த வில்லியம் காட்லீப். பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதியவர். தன் கட்டுரைகளுக்கு வேண்டிய படங்களைத் தானே எடுத்தார். நெகட்டிவ்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால், பல பத்தாண்டு கழித்து அவை புத்தகமாகவும் இசைத்தட்டு அட்டையாகவும் காசு கொண்டுவந்தன. 1995-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. அவர் விருப்பப்படி 2010-இல் எல்லாப் படங்களும் பொதுச்சொத்தாயின. முதலில் விலை, பிறகு தானம். தானம் கொடுக்கவும் முதலில் நம்முடையதாக இருக்க வேண்டுமே.

எண்பதுகளில் கேசட் வந்தது. ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனீஃபா தொப்பியோடு சிரிக்கிற கேசட் அட்டை இல்லாத டீக்கடை எங்கள் கரையில் இல்லை. பெரிய கம்பெனிகளைப் பார்த்து உள்ளூரிலும் கிளம்பினார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு வாசிக்கிற பேண்ட் செட், மெல்லிசைக் குழு, சந்தனக்கூட்டுக்குப் பாடுகிறவர் என்று ஆளுக்கொரு கேசட். அட்டைக்குக் கலர்ப் படம் வேண்டும். பிலிமைக் கழுவ மதுரை லேபுக்கு அனுப்ப வேண்டும். இங்கே முதன்முறையாக எங்கள் வாடிக்கைக்காரர் மாறினார். முன்பு காசு கொடுத்தவர் கலைஞர். இப்போது கேசட் போடுகிறவர். 17-ஆம் பிரிவின் முடிச்சு இப்போது அவர் பக்கம் சாய்ந்தது. பாடியவர் தன் முகத்தையே விசிட்டிங் கார்டில் போட, சட்டப்படி பார்த்தால், கேசட்காரரைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்?

நெகட்டிவ் செத்தது இரண்டாயிரங்களில். டிஜிட்டல் கேமரா வந்ததும் வாடிக்கைக்காரர் கேட்டது காப்பி அல்ல, சி.டி. சி.டி. போன கையோடு எங்கள் பிடியும் போனது. அதே சமயத்தில் பிளக்ஸ் வந்தது. பிளாக் கிடையாது, கோட்டுக் கணக்குக் கிடையாது. ஃபைலைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் இருபதடிக்கு முகம் நிற்கும். நான் எடுத்த ஒரு தவில் இளைஞரின் படம் ஒரு வெளியூர் விழாவில் பந்தல் உயரத்துக்கு நின்றது. அந்த விழாவுக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. அவர் போன் போட்டார்: "அண்ணே, நம்ம படம் நிக்கிது, நம்மளக் காணோம்." ஏற்பாட்டாளரைக் கேட்டால், "நெட்ல இருந்துச்சு, எடுத்தோம்" என்றார். பழைய அச்சகத்துப் பிளாக் செய்த வேலைதான். இப்போது எல்லோர் கையிலும் பிளாக்.

அந்த இளைஞருக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1994-இல் ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்கிற ராஜகோபால் வழக்கில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அனுமதியில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே பொம்மை செய்து விற்றவர்களுக்கு எதிராக 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் வைத்து எடுத்த இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். ஆக ஒரு படத்தில் இரண்டு கதவு: படம் யாருடையது என்பது ஒன்று, முகம் யாருடையது என்பது இன்னொன்று. விளம்பரத்துக்கு எடுக்கிறவர் இரண்டையும் தட்ட வேண்டும்.

எனக்குச் சட்டம் கொடுத்ததும் சின்னதல்ல. 2012 திருத்தம் புகைப்படத்தைப் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் சமமாக உட்காரவைத்தது. முன்பு படம் வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். உரிமை கைமாறினாலும், இது என் படம் என்று சொல்லிக்கொள்கிற உரிமை 57-ஆம் பிரிவில் எடுத்தவரிடமே நிற்கிறது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. 17-ஆம் பிரிவின் "வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்" என்ற வரிக்குள் நுழைய ஒரு பில் புத்தகம் போதும்.

அதனால் இப்போது எங்கள் பில்லில் காப்பி என்ற கட்டம் இல்லை. வீட்டுக்கும் குடும்பத்துக்கும் என்றால் எடுத்த கூலி மட்டும். கார்டு, நோட்டீஸ், பிளக்ஸ் என்று கலைஞரே தன் தொழிலுக்குப் போடுவதற்கு ஒரு வருஷத்துக்கு ஒரு தொகை. சின்ன செட்டு என்றால் அதையும் குறைத்துவிடுவேன். ஆல்பம் அட்டை, யூடியூப் முகப்பு தனி. நகைக்கடை, பட்டுக்கடை மாதிரி மூன்றாவது ஆளின் விளம்பரம் என்றால் கலைஞரின் கையெழுத்து இல்லாமல் ஃபைல் வெளியே போகாது. அவருக்குள்ளதை அவர் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஊர், காலம், உபயோகம் மூன்றையும் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

மேளக்காரர்களும் சும்மா இல்லை. கல்யாண வீட்டில் எடுத்த வீடியோவை நெட்டில் ஏற்றுவதானால் அதற்கு வேறு ரேட் என்று அச்சாரம் வாங்கும்போதே சொல்லுகிற செட்டுகள் வந்துவிட்டன. வாசிக்கிறவருக்குத் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு என்று சட்டம் 1994-லேயே ஒத்துக்கொண்டதை இப்போதுதான் பேரத்தில் எடுக்கிறார்கள். போன வைகாசிக்கு முன்னால், ராமநாதபுரத்துப் பட்டுக்கடை ஒன்று முகூர்த்த விளம்பரத்துக்கு நான் எடுத்த நாயனப் படத்தைக் கேட்டது. "ஒரு படத்துக்கு ரெண்டு பேருக்குக் காசா?" என்றார் மேனேஜர். "கல்யாணத்துல நாயனத்துக்குத் தனி, தவிலுக்குத் தனியாத்தானே குடுக்கிறீங்க?" என்றேன். கொஞ்சம் குறைத்துக் கேட்டார், நாங்கள் இருவரும் கொஞ்சம் இறங்கினோம், மூன்று மாதத்துக்கு என்று எழுதி இரண்டு பில்லாக வாங்கிப் போனார்.